முன் சக்கரம் மட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் என் வீட்டு வாசலுக்கு வந்தபோது நான் எழுந்து நிற்கவில்லை. உண்மைதான். முக்காலியில் உட்கார்ந்து காரின் முன் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்; தேய்த்தபடியே அவருக்குப் பதில் சொன்னேன். அவர் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர், கூட நாலு பேர் வேறு. அன்று சாயங்காலம் நடைப்பயிற்சிக்கு வந்தபோதே உங்கள் முகங்களில் விஷயம் தெரிந்தது. திமிர் என்று ஒருத்தி சொன்னாளாம். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் சக்கரம் கழுவ ஓர் ஆள் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று இன்னொருவர் கேட்டாராம்.

ஆள் கிடைக்கிறது. எனக்கு வேண்டாம். வருகிற ஆள் காரின் மேல்பாகத்தைத் துடைத்த துணியாலேயே சக்கரத்தையும் துடைப்பான், இல்லையென்றால் ஏதோ ஆசிட்டை ஊற்றிப் பெயின்டை உரிப்பான். நான் வெயில் ஏறுவதற்கு முன்னால், சக்கரம் ஆறிக் கிடக்கும்போது, தனி வாளி, தனி பிரஷ் வைத்துக் கழுவுகிறேன். காய்ந்த பிறகு கொஞ்சம் மெழுகு பூசுகிறேன். மெழுகு இருந்தால் பிரேக் தூளுக்குப் பிடி கிடைக்காது, அடுத்த வாரம் வெறும் தண்ணீருக்கே போய்விடும். இதற்கு அரை மணி நேரம் ஆகிறது. அந்த அரை மணி நேரத்தில் யார் வந்தாலும் நான் எழுந்திருப்பதில்லை. திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நாம் எல்லோரும் இதே நெய்வேலியில் ஒரே ஷிப்ட் சங்குக்கு எழுந்து, ஒரே சாம்பல் படிகிற கொடியில் துணி காயப்போட்டு வளர்ந்தவர்கள். உங்களுக்குப் புரியாமல் போகாது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா கான்ட்ராக்ட் டிரைவர். ஒரு பெரிய அதிகாரிக்குக் கார் ஓட்டினார். அதிகாரியின் பங்களாவுக்குப் பின்னால் இருந்த அவுட்ஹவுஸில், ஒற்றை அறையில், அப்பா அம்மா நான் மூன்று பேரும் குடியிருந்தோம். அப்பா பர்மனன்ட் ஆகிவிட்டால் எங்களுக்கென்று ஏதாவது ஒரு பிளாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். கிடைக்காத அந்த வீட்டில் அரிசி டிரம்மை எந்த மூலையில் வைப்பது, முருங்கையை எந்தப் பக்கம் நடுவது என்றெல்லாம் அம்மா முடிவு செய்து வைத்திருந்தாள். அந்த வருஷம் பர்மனன்ட் லிஸ்ட் வருகிறது, அதிகாரி ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தால் அப்பா பெயர் அதில் ஏறிவிடும் என்று பேச்சு இருந்தது. கடிதத்துக்குப் பிறகு ஒரு மெடிக்கல். அந்த மெடிக்கலில்தான் சிக்கல்.

அப்பாவின் இடது முழங்கால் சரியாக மடங்காது. முன்பு லாரி ஓட்டிய நாளில் லோடுமேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது விழுந்தது. கிளட்ச் மிதிக்கிற அளவுக்கு மடங்கும். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட மடங்காது. வண்டி ஓட்ட அது போதும். குந்தி உட்காரப் போதாது. மெடிக்கலில் டாக்டர் குந்தி எழச் சொல்வாராம். அதற்குள் எப்படியாவது சரியாகிவிடும் என்று அப்பா வாராவாரம் எண்ணெய்க் கட்டு கட்டிக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. அதிகாரிக்குத் தெரியவே கூடாது.

குந்த முடியாதவர் காரின் சக்கரத்தை எப்படிக் கழுவுவார்? நான் கழுவினேன். விடிந்தும் விடியாமலும், அதிகாரி எழுந்து வருவதற்கு முன்னால், போர்ட்டிகோவில் அப்பா நின்றபடி மேல்பாகத்தைத் துடைப்பார், நான் கீழே குந்தி நாலு சக்கரத்தையும் தேய்ப்பேன். சுரங்கத்திலிருந்து இறைக்கிற தண்ணீர் நம் ஊர்க் குழாயில் எப்போதும் கொட்டிக்கொண்டிருக்கும் என்பதால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் வாளியை அப்பா பக்கம் தள்ளிவிட்டு நான் குரோட்டன்ஸ் செடி வழியாகப் பின்பக்கம் ஓடிவிடுவேன்.

பழைய அம்பாசடர் இருந்தவரை அது பெரிய வேலையாக இல்லை. அந்த வருஷம் தை பிறந்ததும் அதிகாரிக்குப் புதிதாக ஒரு சின்ன வெள்ளைக் கார் கொடுத்தார்கள். அதிலிருந்துதான் பிடித்தது சனி. பழைய காரில் பிரேக் ஓர் இரும்புச் சட்டிக்குள் மூடிக் கிடக்கும். தேய்கிற தூள் அதற்குள்ளேயே தங்கிவிடும். புதுக் காரின் முன் சக்கரங்களில் மட்டும் பிரேக் திறந்த தட்டாக இருந்தது. இரண்டு கட்டைகள் தட்டைக் கவ்விப் பிடிக்கும்போது உதிர்கிற இரும்புத் தூள் நேராகச் சக்கரத்தின் முகத்தில் வந்து அப்பிக்கொள்ளும். இதெல்லாம் இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. ரோட்டுத் தார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மட்டும் அது வேறு ஏதோ என்று தோன்றியது. நம் ஊர் அழுக்கு நமக்குத் தெரியாததா? மின் நிலையத்துச் சாம்பல் ஊதினால் பறந்துவிடும். சுரங்கத்துக் கரி காய்ந்தால் பழுப்பாக இருக்கும், தண்ணீர் பட்டால் டிகாக்‌ஷன் நிறத்தில் ஓடிவிடும். இது ஓடவில்லை. விரலில் தேய்த்தால் ரேகைக்குள் ஏறிக்கொண்டது. இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டால் சக்கரத்தின் வெள்ளிப் பெயின்டில் புள்ளி புள்ளியாகத் துரு கட்டியது. பாவாடையில் பட்டால் போகவே போகாது. அதற்காக அம்மாவிடம் நான் வாங்காத திட்டில்லை.

அப்போது என்னிடம் ஒரு காந்தம் இருந்தது. உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது, அப்பளம் அளவு வட்டம், நடுவில் ஓட்டை. பள்ளிக்கூட மணலில் இரும்புத் தூள் எடுப்பதற்காகப் பாவாடை முடிச்சில் கட்டிக்கொண்டே திரிவேன். ஒரு நாள் காலை சக்கரத்தின் மேல் சாய்ந்து தேய்க்கும்போது முடிச்சு அதில் உரசியது. எடுத்துப் பார்த்தால் துணிமேல் கருப்பாக மயிர் மயிராகக் குத்திட்டு நின்றது. அப்பாவிடம் காட்டினேன். வேலையைப் பார் என்றார். அந்தக் காந்தம் பிறகு எந்த வீடு மாற்றத்திலோ தொலைந்துபோனது. இன்றும் பழைய இரும்புக் கடையைக் கடந்தால் என் கண் அதைத் தேடும்.

பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. டயர் பளபளப்பதற்காக அப்பா மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொல்வார், நானும் துடைத்தேன்; ரப்பரை அது தின்றுவிடும் என்று இருவருக்கும் தெரியாது. ஷெட்டில் பிரேக்கைக் கழற்றினால் காற்று பைப்பால் ஊதித்தான் சுத்தம் செய்வார்கள். அந்தத் தூள் மேகத்துக்குள் நின்றுகொண்டே டீ குடிப்பார்கள். அந்தக் காலத்துப் பிரேக் கட்டையில் நுரையீரலைக் கெடுக்கிற ஆஸ்பெஸ்டாஸ் கல்நார் கலந்திருந்தது என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது, அப்படி நின்று டீ குடித்தவர்களில் பாதிப் பேர் இல்லை. இப்போதும் நான் தூளை ஊதுவதில்லை, காய்ந்த துணியால் தட்டுவதுமில்லை. தண்ணீர் விட்ட பிறகுதான் கையையே வைப்பேன்.

சித்திரையில் மேல்பட்டாம்பாக்கத்தில் என் சித்திக்குக் கல்யாணம். அம்மாவும் நானும் பத்து நாள் அங்கே இருந்தோம். அதே பத்து நாள் அதிகாரியும் டெல்லிக்குப் போயிருந்தார். அதனால் சக்கரத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை; திரும்பி வந்ததும் நான் கழுவிவிடுவேன் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் அதிகாரி எங்களுக்கு ஒரு நாள் முன்னால் வந்துவிட்டார். நாங்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் முறுக்கு அதிரசப் பையோடு அவுட்ஹவுஸுக்குள் நுழைந்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மெமோ.

"மைன்ஸுக்கு ஆள் ஏத்திக்கினு போனேன்னு எழுதியிருக்காரு" என்றார்.

"போனீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"எங்க போறது? ஐயா வூட்டம்மாவ மார்க்கெட்டுக்கு இட்டுக்கினு போனேன், கோயிலுக்கு இட்டுக்கினு போனேன். அவ்ளோதான். சக்கரத்த பாத்துட்டு, இது மைன்ஸ் கரிதானய்யா, நான் இல்லாதப்ப ஷிப்ட்டு ஆளுங்கள ஏத்தி வாடகைக்கு ஓட்டனியான்னு கேக்கறாரு. அதுவும் கன்னங்கரேல்னு கெடக்குது. நான் என்னான்னு சொல்றது?"

நான் பையைப் போட்டுவிட்டுப் போர்ட்டிகோவுக்கு ஓடினேன். முன் சக்கரம் இரண்டும் அடுப்புக்கரி பூசியதுபோல் இருந்தன. பின் சக்கரம் இரண்டிலும் வெறும் சாம்பல்தான், விரலால் கோடு போடலாம். அங்கேயே எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அந்தச் சக்கரங்களை மூன்று மாதமாகக் கழுவியவள் நான். அவற்றைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒருவர் மெமோ எழுதிவிட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிற்காலத்தில் நான் ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் டைப் அடித்தேன். எத்தனையோ மெமோவும் எத்தனையோ எக்ஸ்பிளனேஷனும் என் கையால் போயிருக்கின்றன. பேர்தான் எக்ஸ்பிளனேஷன். யாரும் அதில் எதையும் விளக்க மாட்டார்கள். செய்தவனும் மன்னிப்புக் கேட்பான், செய்யாதவனும் மன்னிப்புக் கேட்பான். 'இனி இவ்வாறு நடவாது என உறுதி கூறுகிறேன்' என்று முடித்து, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். அதோடு விஷயம் முடிந்துவிடும். அதுதான் இங்கே வழக்கம், அப்பாவுக்கும் அது நன்றாகத் தெரியும்.

அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். எங்கள் வீட்டுக் கடிதமெல்லாம் நான்தான் எழுதுவேன். அன்று மாலை என்னைப் பலகையோடு உட்காரவைத்தார்.

"எழுது. ஐயா அவர்களுக்கு. தெரிஞ்ச ஆள் ஒருத்தர அவசரத்துக்கு மைன்ஸ் கேட்டாண்ட எறக்கி விட்டது உண்மைதான்."

"அது உண்மை இல்லயேப்பா."

"சொல்றத எழுது. மன்னிப்பு கேட்டா ஒரு வார்னிங்கோட போயிடும். இல்லன்னு சொன்னா விசாரணை வெப்பாங்க. சக்கரத்த ஏன் கழுவல, யாரு கழுவறதுன்னு நோண்டுவாங்க. முட்டி வெளிய வந்துடும். புரியுதா?"

"அந்தக் கருப்பு கரியே இல்லப்பா. காந்தத்துல ஒட்டுது."

"காந்தமாவது கீந்தமாவது. எழுதுடி" என்றாள் அம்மா.

அப்பா சொல்லிக்கொண்டே போனார். நான் எழுதிக்கொண்டே போனேன். அவர் சொன்னதை எழுதவில்லை. முடித்ததும் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டார். காலையில் கொடுத்துவிடு என்று மடித்து என்னிடமே தந்தார். அந்த மடிப்புக்குள் நான் முன் சக்கரத்துத் தூளைப் பொட்டலமாகக் கட்டி வைத்தேன். பயம் இல்லாமல் இல்லை. அவசரத்தில் கொஞ்சம் தூள் கடிதத்தின் மேலேயே கொட்டியது.

மறுநாள் காலை அதிகாரி போர்ட்டிகோவில் நின்றபடி கடிதத்தைப் பிரித்தார்; பொட்டலம் கீழே விழுந்தது, அவர் கவனிக்கவில்லை. வீட்டம்மா வாசற்படியில் நின்றார். அப்பா காரின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, மன்னிப்புக்குத் தயாரான முகத்தோடு நின்றார். அதிகாரி சத்தமாகவே படித்தார்.

'ஐயா, நான் மைன்ஸுக்குப் போகவில்லை. கார் போனால் நாலு சக்கரமும் போகும். இதில் முன் சக்கரம் மட்டும்தான் கருப்பாக இருக்கிறது. பின் சக்கரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு நான் போனேனா?'

அப்பா கட்டியிருந்த கையை எடுத்துவிட்டார். தான் கையெழுத்துப் போட்டது என்ன என்பதை அவர் அப்போதுதான் கேட்கிறார். அதிகாரியின் குரல் ஏறியது.

'மைன்ஸ் கரி சோப்புக்குப் போய்விடும். இது என் பாவாடையில் பட்டு மூன்று தடவை துவைத்தும் போகவில்லை.'

அதிகாரி நிறுத்தினார். கடிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு தடவை படித்தார். "யோவ், நீ எப்பய்யா பாவாடை கட்ட ஆரம்பிச்ச?"

வீட்டம்மா சிரித்துவிட்டார். அப்பாவின் பெயரில் எழுத உட்கார்ந்தவள் பாதியில் என் பெயருக்குத் தாவிவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. ஆனால் அன்று ஓடவில்லை. குரோட்டன்ஸ் செடி பக்கத்தில்தான் இருந்தது.

"பாவாட என்னுதுங்க. கடுதாசி நான் எழுதினது. அப்பா வேற சொன்னாரு, நான்தான் மாத்தி எழுதிட்டேன். சக்கரம் கழுவறதும் நான்தான்" என்றேன். முடிச்சை அவிழ்த்துக் காந்தத்தை நீட்டினேன். "மொதல்ல இத வெச்சிப் பாருங்க. அப்புறம் எங்கப்பாவ கேளுங்க."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில், வாயை மூடு என்று கெஞ்சல்தான் இருந்தது. நான் மூடவில்லை.

அதிகாரி கோபக்காரர், ஆனால் படித்தவர். காந்தத்தை வாங்கிக்கொண்டு, பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, தன் காரின் சக்கரத்தை அன்றுதான் முதல்முறையாகக் குனிந்து பார்த்தார். முன் சக்கரத்தில் வைத்தார், தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. மறுபக்கம் போய் வைத்தார், வந்தது. பின் சக்கரத்தில் வைத்தார், ஒன்றும் வரவில்லை. காந்தத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "சரி, மைன்ஸுக்குப் போகல" என்று சொல்லி, அப்பாவிடமிருந்து மெமோவை வாங்கி நாலாகக் கிழித்தார். தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. "ஆமா, சக்கரத்தை இந்தப் பொண்ணு ஏன் கழுவணும்? உனக்கு என்னய்யா?"

அப்பாவின் கை தானாக இடது முழங்காலுக்குப் போனதை அவர் பார்த்துவிட்டார்.

"குந்துய்யா, பார்ப்போம்."

அப்பா பானட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்கினார். வலது கால் மடங்கியது. இடது கால் நீட்டிக்கொண்டு நின்றது. பாதியில் கை வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"இதை வச்சுக்கிட்டு நான் எப்படிய்யா சிபாரிசு எழுதறது?" என்றார் அதிகாரி. வருத்தமாகத்தான் சொன்னார். அவரைக் கெட்டவர் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். வேலையை விட்டு அனுப்பவில்லை, கான்ட்ராக்டிலேயே வைத்துக்கொண்டார். ஆனால் குந்தினால்தான் ஒருவன் டிரைவர் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அத்தனை வருஷம் அப்பா அவரைச் சிராய்ப்புக்கூட இல்லாமல் கொண்டுபோய்க் கொண்டுவந்தாரே, அது குந்திக்கொண்டா? இந்தக் கேள்வியையும் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் தோன்றவில்லை.

லிஸ்டில் அப்பா பெயர் வரவில்லை. அந்த வருஷமும் வரவில்லை, பிறகும் வரவில்லை. குவார்ட்டர்ஸ் இல்லை, முருங்கை இல்லை. "நாலு வரி எழுதத் தெரிஞ்ச திமிரு. குடும்பத்தையே குழியில தள்ளிட்டா" என்று அம்மா அழுதாள். என்னைத் திமிர் பிடித்தவள் என்று முதலில் சொன்னது அவள்தான். நீங்களெல்லாம் ரொம்பப் பின்னால் வந்தவர்கள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, எனக்கு வலித்தது. ஆனாலும் சொல்கிறேன், அந்தக் கடிதத்தை எழுதியதற்காக ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை. செய்யாத தப்புக்கு அப்பா மன்னிப்புக் கேட்டு, அதை என் கையெழுத்தில் கேட்டு, அதில் கிடைத்த வீட்டில் என்னால் தூங்கியிருக்க முடியாது.

அப்பா நாலு நாள் என்னோடு பேசவில்லை. சக்கரத்தை நானும் தொடவில்லை. ஐந்தாம் நாள் மாலை, "அந்தக் கடுதாசி எங்க?" என்று கேட்டார். போர்ட்டிகோவில் கிடந்ததை எடுத்துப் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். படிக்கச் சொன்னார். படித்தேன். பின் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேனா என்ற இடம் வந்ததும், "அத திரும்பப் படி" என்றார். திரும்பப் படித்தேன். அவர் உதட்டோரம் கொஞ்சம் கோணியது.

"அடியில என் கையெழுத்துதான?"

"ஆமாம்ப்பா."

"நல்லாத்தான் கேட்டிருக்கறேன்" என்றார்.

மறுநாள் நன்றாக விடிந்த பிறகு, அம்மா காய் நறுக்க உட்காருகிற குட்டை முக்காலியைத் தூக்கிக்கொண்டு அப்பா போர்ட்டிகோவுக்குப் போனார். நான் வாளியோடு பின்னால் போனேன். முன் சக்கரத்துக்கு எதிரே முக்காலியைப் போட்டு, இடது காலை நீட்டி, உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். இவ்வளவுதான் விஷயம். அத்தனை நாள் நாங்கள் மறைத்த மறைப்புக்கு ஒரு முக்காலி போதுமாக இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் அதிகாரி வீட்டு வாசலில் யாரும் எதன்மேலும் உட்கார மாட்டார்கள். அவர் வெளியே வந்தால் தோட்டக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிற்பார், பால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பார்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அதிகாரி பையோடு வெளியே வந்தார். அப்பாவின் கை நின்றது. எழுந்திருக்கப் போகிறார் என்று நினைத்து, பிடித்துக்கொள்ள என் தோளைக் கொடுத்தேன். அப்பா அதைத் தொடவில்லை. பிரஷை வாளியில் முக்கினார்.

"முன் சக்கரம் ஆயிடுச்சிங்க ஐயா. பின் சக்கரம் ரெண்டு இருக்குது. செத்த நில்லுங்க."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். அப்பா உட்கார்ந்தபடியே முக்காலியை இழுத்து இழுத்துப் பின்பக்கம் நகர்ந்து, இரண்டு சக்கரத்தையும் அவசரப்படாமல் கழுவி முடித்தார்.

நம் சங்கத் தலைவரை நான் நிற்கவைத்தது ஒரே ஒரு சக்கரத்துக்குத்தான்.